வலியில்லா நோய்க்கு வழக்கமே காவல்



இவ்வாண்டு மலருக்கு ஆன்மிகக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். ஆலய நிர்வாகக் குழுவில் நலப்பணிப் பிரிவைக் கவனித்து வருபவன் என்ற முறையில், இம்முறை ஆன்மா குடியிருக்கும் உடலைப் பற்றி எழுத அனுமதி கேட்டுப் பெற்றுக் கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. நம் அறநிலையத்திற்கு வரும் உதவி விண்ணப்பங்களில், கல்வி உதவிக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்ப்பவை, சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்குப் பணம் வேண்டி வருபவையே. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகே படுத்திருக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாது. குடும்பத்தில் இன்னொருவரும் கூடவே அலைய வேண்டும். உபயதாரர்கள் தரும் பணம் இத்தகையோருக்குப் பயன்படுவது பெரும் புண்ணியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விண்ணப்பங்களோடு இணைத்திருக்கும் மருத்துவக் கடிதங்களைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே காரணந்தான் எழுதப்பட்டிருக்கும். நாம் இனிப்புநீர் என்று பேச்சு வழக்கில் சொல்லும் நீரிழிவு நோயே அது. மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதற்காரணம் இதுவே.

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே பார்த்தால் 31.4 விழுக்காடு. பத்துப் பேருக்கு மூவர்! அவ்வாய்வில் இனிப்புநீர் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே அதுவரை தெரியாது. நம் ஆலயத்தில் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு முந்நூறு பேர் கூடுகிறார்கள் என்றால், அதில் எத்தனை பேர் அறியாமல் நிற்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

இது ஏன் தெரிவதில்லை? பதில் எளிது: வலிப்பதில்லை. பல் வலித்தால் அன்றைக்கே பல் மருத்துவரிடம் ஓடுகிறோம். முள் குத்தினால் உடனே குனிந்து பார்க்கிறோம். பள்ளிக்கூடத்திற்கு மணி எப்படியோ, உடலுக்கு வலி அப்படி. இனிப்புநீரிலும் இரத்தக் கொதிப்பிலும் அந்த மணி அடிப்பதில்லை. கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய்கள், சிறுநீரகம், பாதத்து நரம்புகள் ஆகியவை ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் பழுதாகி வரும். தாகம், அடிக்கடி சிறுநீர், இளைப்பு என்று குறி தெரியும்போது சர்க்கரை ஏற்கெனவே மிக உயர்ந்திருக்கும். மணி அடிக்காத பள்ளியில் ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் பாடம் நடத்த வேண்டும். அதுபோல, வலி செய்ய வேண்டிய வேலையை இங்கே நம் அன்றாடப் பழக்கம் செய்ய வேண்டியிருக்கிறது. எனக்கும் பதினான்கு ஆண்டுகளாக இனிப்புநீர் உண்டு. ஆகவே கீழே எழுதியிருப்பவை படித்தவை மட்டுமல்ல, வீட்டில் நடைமுறையில் இருப்பவையும் ஆகும். மாத்திரை, ஊசி விவகாரத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே இறுதி.

சோற்றுத் தட்டு

எங்கள் பெற்றோர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் நானூறு ஐந்நூறு மரங்களுக்கு நடந்து, மீண்டும் அதே மரங்களுக்குப் போய்ப் பால் எடுத்து, தோளில் சுமந்து ஆலைக்குக் கொண்டு வருவார்கள். அவர்கள் தட்டில் குவிந்த சோறு அந்த நடைக்கே சரியாகப் போயிற்று. நாம் தாமானுக்குக் குடிவந்து விட்டோம். வாசலில் மோட்டார் சைக்கிள், அலுவலகத்தில் நாற்காலி, மாலையில் தொலைக்காட்சி. சோற்றின் அளவு மட்டும் தோட்டத்து அளவிலேயே நின்றுவிட்டது. நோய்க்குப் பரம்பரையும் ஒரு காரணந்தான். ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது, தட்டை மாற்றலாம்.

சுகாதார அமைச்சு ‘சூக்கு சூக்கு செபாரோ’ என்று ஒரு முறையைச் சொல்லித் தருகிறது. தட்டில் கால் பங்கு சோறு; கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, தௌஃபு போன்றவை; மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். இனிப்புநீர் உள்ளவர்கள் அந்த அரைத் தட்டில் காய்கறியைக் கூட்டிப் பழத்தைக் குறைத்துக் கொள்வது நல்லது. உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேனை ஆகியவை காய்கறிக் கணக்கில் சேரா. அவை சோற்றின் உறவினர்கள். நம் வீடுகளில் சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம் என்று பரிமாறிவிட்டு ‘இன்றைக்குச் சைவம், உடம்புக்கு நல்லது’ என்பார்கள். அந்தத் தட்டில் முக்கால் பங்கு மாவுச்சத்துதான்.

இன்னொரு சின்ன வழக்கம்: முதலில் காய்கறியையும் பருப்பையும் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்ணுங்கள். அதே அளவு உணவுதான். ஆனால் வரிசை மாறினால் உண்டபின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. என் துணைவியார் இப்போது கீரையையும் கூட்டையும் முன்னால் வைத்துவிட்டு, சோற்றுப் பானையை அடுப்படியிலேயே விட்டுவிடுகிறார். எழுந்து போய்ப் போட்டுக் கொள்ளச் சோம்பல் வந்தால் அதுவும் ஒரு மருந்துதான்!

‘சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டேன் சார், இருந்தும் குறையவில்லையே’ என்று என்னிடம் முறையிடுபவர் பலர். எத்தனை சப்பாத்தி என்று கேட்டால் ‘நாலுதான்’ என்பார்கள். மூன்று சப்பாத்தி ஒரு கப் சோற்றுக்குக் குறைந்ததல்ல. நன்றாக அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழும் அப்படியே. தானியம் நல்ல தானியந்தான், ஆனால் மாவாகிக் கூழானபின் அது விரைவாகச் சர்க்கரையை ஏற்றும். ஆடி மாதத்துக் கூழை அம்மன் பிரசாதமாக ஒரு சிறு கிண்ணம் குடியுங்கள். இரண்டு மங்கு வேண்டாம். பனங்கருப்பட்டி, குலா மலாக்கா, தேன் எல்லாம் இயற்கையானவை, ஆகவே தீங்கில்லை என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. நிறம் வேறே தவிர, இரத்தத்திற்குள் போனபின் அவையும் சர்க்கரையே.

உண்பதைக் காட்டிலும் குடிப்பதில்தான் நம்மவர் அதிகம் ஏமாறுகிறோம். ஒரு கிளாஸ் தே தாரிக்கில் ஊற்றப்படும் கெட்டிப் பாலில் ஏறத்தாழப் பாதி சீனிதான். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ரொட்டி சானாயோடு ஒன்று என்று மூன்று கிளாஸ் குடித்தால், உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு அத்தேநீரிலேயே ஏறத்தாழ நிரம்பிவிடும். அந்நிறுவனம் சொல்வது நாளுக்கு 50 கிராமுக்குள். 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நன்று. 25 கிராம் என்பது ஐந்தாறு தேக்கரண்டிதான். ‘தே ஓ கோசோங்’ என்று கேட்கப் பழகினால் கடைக்காரர் முகம் சுளிக்கப் போவதில்லை. முதல் இரண்டு வாரம் நாக்கு சண்டை போடும். பிறகு பழைய தேநீரே திகட்டும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். அதன் பத்துக் குறள்களில் ஆறு உணவின் அளவையும் முறையையுமே பேசுகின்றன. மருத்துவன் வருவது கடைசி மூன்றில்தான்.

அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும்

இப்பகுதி உபயதாரர்களின் பார்வைக்காக. கோயிலுக்கு வரும் பத்துப் பேரில் மூவருக்கு இனிப்புநீர் என்றால், நாம் பக்தியோடு ஊட்டுவது அவர்களுக்கு எதைச் செய்கிறது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன் நம் சமையற்கட்டில் சில மாற்றங்களைச் செய்தோம். சர்க்கரைப் பொங்கல் நின்றுவிடவில்லை, நைவேத்தியத்திற்குக் குறைவில்லை. ஆனால் பக்தர்களுக்கு அது சிறு தொன்னையில் இரண்டு விரற்கடை அளவே வழங்கப்படுகிறது. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு சுண்டல் இரட்டிப்பானது. அன்னதான வரிசையில் சோற்றுக்கு முன் காய்கறி வைக்கப்படுகிறது. பாயசம் கேட்பவர்களுக்கு மட்டும். முதல் ஆண்டில் ‘ஆலயத்தில் கஞ்சத்தனம் புகுந்துவிட்டது’ என்று சிலர் முணுமுணுத்தனர். ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார். இப்போது அவரே சுண்டல் வரிசையில் முதலில் நிற்கிறார்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் நடந்து வருபவருக்குத் தண்ணீர் கொடுப்பதே அப்பந்தலின் நோக்கம். காலப்போக்கில் அது ரோஸ் சிராப் பந்தலாகவும் குளிர்பானப் பந்தலாகவும் மாறிவிட்டது. ஒரு பக்தர் ஐந்து பந்தல்களைக் கடந்தால் ஐந்து குவளைச் சீனித் தண்ணீர் உள்ளே போகிறது. வெறும் தண்ணீரும், உப்பு குறைத்த நீர்மோரும் உபயமாகக் கொடுங்கள். பந்தலின் பெயரும் அதுதானே?

பிரசாதத்தை மறுப்பது மனத்துக்குச் சங்கடம் என்பது எனக்கும் தெரியும். மறுக்க வேண்டியதில்லை. கண்ணில் ஒற்றிக் கொண்டு ஒரு சிட்டிகை வாயில் இட்டு, மிச்சத்தை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பிரசாதத்தின் அருள் அளவில் இல்லை.

விரதம் இருப்போருக்கு

சஷ்டி, ஏகாதசி, சிவராத்திரி என்று நம் விரதங்கள் பல. விரதமிருக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், சூரசம்ஹார நாள் மாலை, கூட்டத்தில் நின்றிருந்த ஓர் அம்மையாருக்கு உடல் நடுங்கத் தொடங்கியது. வியர்த்துக் கொட்டியது. பேச்சு குழறியது. சுற்றியிருந்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டு, நெற்றியில் திருநீறு பூசினார்கள். நல்ல வேளையாக அங்கே தாதியாகப் பணிபுரியும் பெண் ஒருவர் இருந்தார். விரல் நுனியில் ஊசி குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 2.6. நான்குக்குக் கீழே போனாலே அது தாழ்நிலை. ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தவர், வழக்கமான மாத்திரையை மட்டும் குறைக்காமல் விழுங்கி வந்திருக்கிறார். சீனித் தண்ணீர் கொடுத்த கால் மணி நேரத்தில் ‘தம்பி, சூரனை வதம் செய்தாயிற்றா?’ என்று தெளிவாகக் கேட்டார்.

கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையைக் கீழே இழுப்பவை. மெட்ஃபோர்மின் மட்டும் உண்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆகையால் விரதம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே மருத்துவரிடம் போய், ‘இத்தனை நாள் விரதம், இன்னின்ன உண்பேன்’ என்று சொல்லி அளவை மாற்றி வாங்கிக் கொள்ளுங்கள். தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் தவறு. பாலும் பழமும் என்று சொல்லி ஒரே வேளையில் ஆறு வாழைப்பழம் உண்பவர்களுக்குச் சர்க்கரை எதிர்ப்பக்கம் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மீண்டும் சர்க்கரையைப் பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடியும் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைக்கும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999க்கு அழைக்க வேண்டும். நம் ஆலய அலுவலகத்தில் சீனி டப்பாவும் சோதிக்கும் கருவியும் எப்போதும் உண்டு. சட்டைப்பையிலும் கைப்பையிலும் நாலு மிட்டாய் வைத்திருப்பது இனிப்புநீர்க்காரருக்கு அழகு.

பாதம்

மேலே சொன்னவற்றையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறேன். கோயிலுக்குச் செல்பவர்கள் நாம். செருப்பைக் கழற்றுபவர்கள் நாம். இனிப்புநீரால் பாதத்து நரம்புகள் மரத்துப் போனவருக்கு, நண்பகல் தாரும் சிமெண்டுத் தரையும் சுடுவது தெரியாது. நம் ஆலயத்து அன்பர் ஒருவர் பால்குடம் எடுத்துக் கடும் வெயிலில் நடந்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்து உறங்கிவிட்டார். உள்ளங்காலில் கொப்புளம் வெடித்துச் சீழ் பிடித்திருந்ததை மூன்றாம் நாள் அவருடைய மகள்தான் பார்த்தார், அதுவும் விரிப்பில் கறை இருந்ததால். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ‘எனக்கு வலிக்கவே இல்லையே சார்’ என்று மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

உங்கள் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் வகுத்த எளிய முறை இது. கண்ணை மூடிப் படுத்துக் கொள்ளுங்கள். மற்றொருவர் தம் சுட்டுவிரல் நுனியால் உங்கள் கால்விரல் நுனிகளில் மெல்லத் தொட வேண்டும்: ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஓரிரு நொடி தொட்டாற் போதும். தொடுகை தெரிந்ததும் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். பேரப் பிள்ளைகள் இச்சோதனையை மிகவும் விரும்பிச் செய்வார்கள்.

இரவில் படுக்கும் முன் கால் கழுவும் வழக்கம் நமக்கு உண்டு. அத்தோடு இரண்டு நிமிடம் சேர்த்துக் கொள்ளுங்கள். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கீறல், கொப்புளம், நிறமாற்றம் ஏதாவது உண்டா? வெடிப்புக்குக் களிம்பு தடவலாம், விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணிக்காலைப் பிளேடால் செதுக்காதீர்கள். காலை வெந்நீரில் வைப்பதானால் முதலில் முழங்கையால் சூடு பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியலாம். வெளியே போகும்போது காலணிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தபின் அணியுங்கள்.

நேர்த்திக்கடன் உள்ளவர்கள் விடியற்காலையில், தரை குளிர்ந்திருக்கும்போது நிறைவேற்றுவது நன்று. நம் பிராகாரத்தில் இப்போது பகல் நேரத்தில் பாய் விரித்துத் தண்ணீர் தெளிக்கிறோம். உணர்ச்சி குறைந்தவர்கள் தடித்த சுத்தமான காலுறை அணிந்து வலம் வரலாம் என்று நிர்வாகக் குழு அனுமதித்திருக்கிறது. இது ஆகம மீறல் அல்லவா என்று ஒருவர் கேட்டார். நம் குருக்களிடமே கேட்டேன். ‘காலுக்குக் காயம் வராமல் வரட்டும், ஆண்டவனுக்குக் குறையில்லை’ என்றார்.

மூட்டு வலியும் பொடி மருந்தும்

சிறுநீரகத்தைக் கெடுப்பது சர்க்கரை மட்டுமன்று. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்குவது இனிப்புநீரும் கொதிப்பும் உள்ளவர்களுக்கு மிகவும் கெடுதல். மருந்துக் கடையில் கேட்கும்போது ‘எனக்குச் சர்க்கரை உண்டு’ என்று முதலில் சொல்லுங்கள்.

பாகற்காய், வெந்தயம், முருங்கைக் கீரை எல்லாம் நல்ல உணவுகள்; உண்ணுங்கள். மாத்திரைக்கு மாற்றாக உண்ணாதீர்கள். சந்தையில் விற்கும் பெயர் தெரியாத பொடிகளைத்தான் நான் அஞ்சுகிறேன். பதிவு செய்யப்படாத இத்தகைய பொருள்களில், சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மருந்தும் ஸ்டீராய்டும் இரகசியமாகக் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. முறையாகப் பதிவானவற்றின் உறையில் ‘மால்’ என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். அவை இல்லாததை, விற்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், வாங்காதீர்கள்.

நடப்பதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, எல்லாரும் அறிந்ததே. வாரத்திற்கு 150 நிமிடம் என்பது கணக்கு. ஒரே மூச்சில் முடியாதவர்கள் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்தால், உண்டபின் ஏறும் சர்க்கரை நன்றாகவே இறங்கும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. உப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கிச்சாப் ஆகியவற்றின் உப்பும் அக்கணக்கில் அடங்கும்.

ஆலய மண்டபத்தில் ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு காலை 7.30க்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. முதல் நாள் இரவு உணவுக்குப் பின் தண்ணீர் தவிர வேறொன்றும் உண்ணாமல் வாருங்கள். காலை மாத்திரையையும் ஊசியையும் கையில் கொண்டு வந்து, சோதனை முடிந்து பசியாறும்போது எடுத்துக் கொள்ளலாம். கொதிப்பு பார்க்குமுன் ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வாசலில் காரை நிறுத்த இடம் தேடிய கோபத்தோடு வந்து கையை நீட்டினால் எண் ஏறித்தான் இருக்கும். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்குக் கடிதம் தருவோம். அதை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டுங்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை, சிறுநீரில் புரதம், விழித்திரைப் படம், பாதச் சோதனை இவை கடைசியாக எப்போது செய்யப்பட்டன என்பதைப் பதிவுப் புத்தகத்தில் பார்த்து வாருங்கள். பின் மூன்றும் ஆண்டுக்கு ஒரு முறையாவது வேண்டும். உண்ணும் மருந்துகளை எல்லாம் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ‘வெள்ளை மாத்திரை, வட்டமாக இருக்கும்’ என்று சொன்னால் எந்தத் தாதியாலும் கண்டுபிடிக்க முடியாது. வாகன வசதியில்லாத முதியோர், வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், இளைஞர் பகுதியினர் வந்து அழைத்துச் செல்வார்கள்.